சீப்பு எங்கேங்க?

அந்தக் கடையில் அவளை எல்லாரும் எங்கேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, நல்ல பெயர்தான். ஆனால் யார் அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்? கடைக்கு வருகிறவர்கள் வாசலில் கால் வைத்ததுமே, "எங்கேக்கா உப்பு? எங்கேக்கா பல்பு?" என்று அவளைத்தான் பிடிப்பார்கள். பில் போடும் பெண் ஒரு நாள் விளையாட்டாக, "எங்கேக்கா, உன்னக் கூப்புடறாங்க பாரு" என்றாள். ஒட்டிக்கொண்டது. வீட்டில் தம்பி பெண்டாட்டிக்கு அவள் அண்ணி, தம்பி பிள்ளைகளுக்கு அத்தை, கடையில் எங்கேக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் பெட்டிக்குள் மடித்து வைத்த நல்ல புடவை மாதிரி அப்படியே கிடந்தது.

உப்பிலிருந்து ஊசி வரை விற்கிற பெரிய கடை அது. நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முன்னால் பழம், ரொட்டி. நடுவில் அரிசி, மாவு, சோப்பு. அதற்கும் அப்பால் ஆணி, பல்பு, பெயின்ட் பிரஷ். கடைசியில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் குடோன், மங்கலான ஒற்றை விளக்கோடு. காலையில் குடோனிலிருந்து சாமானைக் கொண்டுவந்து, ரேக்கைத் துடைத்து, பழையதை முன்னால் இழுத்துப் புதியதைப் பின்னால் தள்ளி அடுக்குவது அவள் வேலை. சாயங்காலம் இன்னொரு வேலை. இடம் மாறிக் கிடப்பதையெல்லாம் பொறுக்கி, அதது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

என்னென்ன எங்கெங்கே கிடக்கும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கோதுமை மாவுக்கு நடுவில் பல் துலக்கும் பிரஷ் நிற்கும். ஐஸ் பெட்டிக்குள், உறைந்த பட்டாணிக்கு மேல், ஆண்பிள்ளை பனியன் ஒன்று விறைத்துப்போய்ப் படுத்திருக்கும். அவள் அவற்றை மஞ்சள் பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு வருவாள். வெறுமனே வரமாட்டாள், பேசிக்கொண்டே வருவாள். "இந்தச் சாக்லேட்ட எடுத்த ஆளுக்கு இங்க வந்ததும் சக்கரை வியாதி ஞாபகம் வந்துருக்கு, மாத்திரைக்குப் பின்னால வெச்சுட்டு ஓடிட்டான்." "இந்த லிப்ஸ்டிக்க எடுத்தவ மாமியாரோட வந்துருக்கா, பாவம், துடைப்பத்துக்குள்ள ஒளிச்சுட்டா." பில் போடும் பெண் சிரிப்பாள். ஒரு பொருள் எங்கே விடப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே விட்டவர்களின் மனசு தெரியும் என்பது எங்கேக்காவின் முடிவு. யார் மறுத்தாலும் அவள் மாற்றிக்கொள்ளமாட்டாள்.

பிறந்ததில் அவள்தான் மூத்தவள். தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அடுத்து அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் மூக்குக் கண்ணாடியை அரிசி டப்பாவில் வைத்தார். "நான் வெக்கலையே" என்று சத்தியம் பண்ணினார். அடுத்து செருப்பைத் தலையணைக்குள் வைத்தார். கடைசியில் பெற்ற மகளையே பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று கைகூப்பினார். அவர் கண்மூடும்வரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதற்குள் காதோரம் நரைத்துவிட்டது. வீட்டுக்கு யாராவது பெண் பார்க்க வந்தால் அவளைத் தாண்டித் தங்கை மகளைப் பார்த்தார்கள். அவளே காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். அழுதாளா என்றால், அதெல்லாம் எதற்கு? காபி நன்றாக இருந்தது என்றார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குழாய்க்காரர் கடைக்குள் வந்தார்.

ஒழுகுகிற குழாய், அடைத்துக்கொண்ட தொட்டி, உடைந்த பைப் எல்லாம் சரிபண்ணுகிறவர். கையில் இரும்புச் சாமான் பை. முழங்கால்வரை பேன்ட் நனைந்திருந்தது. தலை மட்டும் துடைத்து வைத்த பித்தளைச் சொம்பு. ஒரு முடி கிடையாது.

"ஏங்க, சீப்பு எங்கேங்க இருக்கு?" என்றார்.

எங்கேக்கா அவர் தலையைப் பார்த்தாள். இந்தத் தலைக்காரர் சீப்பு கேட்டால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? நேரே வாழைப்பழ ரேக்குக்கு அழைத்துப்போனாள்.

"நல்லாப் பழுத்த சீப்பு வேணுமா, ரெண்டு நாள் தாங்கற மாதிரி வேணுமா?"

அவர் பழத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பல்லு கொஞ்சம் அகலமா இருந்தாத் தேவலைங்க."

"பல்லா? வாழப்பழத்துக்கு ஏதுங்க பல்லு?"

அவர் தன் வழுக்கையை ஒரு தடவு தடவிக்கொண்டு, "எனக்கில்லீங்க, எங்கக்காவுக்கு. தலை வாரற சீப்பு" என்றார்.

பில் போடும் பெண் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எங்கேக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பழ ரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். எத்தனை வருஷமாயிற்று அப்படிச் சிரித்து! அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு, "சரி, கூட்டிட்டு வந்துட்டீங்க. ரெண்டு சீப்பையும் குடுத்துருங்க" என்றார்.

அவருடைய அக்காவுக்கு வலது கை விழுந்துவிட்டது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தவள். முட்டி தொடும் கூந்தல், வெட்டவும் விடமாட்டாள். "நான் போனப்புறம் வெட்டிக்கோ" என்பாளாம். அதனால் ரெஞ்ச் பிடித்த கை பின்னல் போடக் கற்றுக்கொண்டது. கல்யாணம் என்று ஒன்றைப் பற்றி அவர் நினைக்கவே இல்லையாம். எந்தப் பெண் வந்து இரண்டு பேரைச் சுமப்பாள்? இதெல்லாம் ஒரே நாளில் சொன்னதில்லை. சோப்பு வாங்க வந்தபோது கொஞ்சம், ரொட்டி வாங்க வந்தபோது கொஞ்சம், குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பு வாங்க வந்தபோது கொஞ்சம்.

அவர் வந்துபோனால் கடை முழுக்க ஈரச் செருப்புத் தடம் கிடக்கும். வேறு யார் ஈரக்காலோடு வந்தாலும் எங்கேக்காவின் வாய் சும்மா இருக்காது. இவர் தடத்தை மட்டும் வாயைத் திறக்காமல் துடைப்பாள்.

"கவனிச்சியாக்கா?" என்றாள் பில் போடும் பெண்.

"என்னத்த?"

"ஊரே உன்ன அக்காங்குது. கடைக்கு வர்ற தாத்தா கூட அக்காங்கறாரு. இவரு மட்டும் 'ஏங்க'ங்கறாரு."

"மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"எங்கம்மாவும் எங்கப்பாவ அப்படித்தான் கூப்புடுது. அதுவும் மரியாதைதான்."

"வாய மூடிட்டு பில்லப் போடு."

வாயை மூடச் சொன்னாளே தவிர, அன்றைக்குச் சாயங்காலம் மஞ்சள் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது "ஏங்க" என்று தனக்குத் தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

ஆனால் ஒரு கடையில் எத்தனை நாள்தான் வழி தெரியாமல் இருக்க முடியும்? போகப்போக அவருக்கு எல்லாம் அத்துப்படியாகிவிட்டது. நேரே சோப்பு, நேரே ரொட்டி, நேரே டேப்பு, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அவளைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். பேசுவதற்கு வாயைத் திறப்பார், ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொள்வார். அவளுக்கும் அப்படித்தான். ஒரு நாள் அவள் குடோனுக்குள் இருந்தபோது வந்து போயேவிட்டார். வெளியே வந்து பார்த்தால் தரையில் தடம் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வெள்ளை டேப்பை ஆணிப் பக்கத்திலிருந்து எடுத்து, குழந்தைப் பவுடர் டப்பாக்களுக்கு நடுவில் வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. எடுத்து வைத்துவிடலாம் என்று திரும்பினாள். வாசலில் ஈரச் செருப்பு.

அவர் ஆணிப் பக்கம் போனார். குனிந்தார், நிமிர்ந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏங்க, டேப்பு எங்கேங்க?"

"இடத்த மாத்திட்டாங்க" என்றாள். மாற்றினது யார் என்று சொல்லவில்லை. கூடவே நடந்து போய், பவுடருக்கு நடுவில் தேடுகிற மாதிரி தேடி எடுத்துக் கொடுத்தாள். அந்த நடைக்குள் அக்காவுக்கு இரவில் தூக்கம் வராததும், வாழைப்பழம் என்றால் உயிர் என்பதும் தெரிந்தது.

ருசி கண்ட பூனை உறியை விடுமா? அடுத்த முறை பல்பு பிஸ்கட்டுக்குப் பின்னால் போயிற்று. அதற்கடுத்து சோப்பு அரிசி மூட்டைப் பக்கம் வந்தது. அவர் வாங்குகிற சாமானை மட்டும்தான் மாற்றுவாள், அவர் போனதும் திருப்பி வைத்துவிடுவாள். ஆனால் மறந்ததும் உண்டு. ஒரு அம்மாள் சர்க்கரை எடுக்கப் போய்ச் சவர பிளேடை எடுத்துவிட்டு முதலாளியிடம் சண்டைக்குப் போனாள்.

முதலாளி நல்லவர்தான். கழுத்து மட்டும் திரும்பாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் அலமாரியைத் திருப்புகிற மாதிரி உடம்போடு திரும்புவார். அப்படித் திரும்பி எங்கேக்காவின் முன் நின்றார்.

"இத பாருங்கம்மா, கொஞ்ச நாளாவே சாமான் எல்லாம் தாறுமாறா இருக்கு. கண்ணு சரியாத் தெரியலையோ என்னமோ. தப்பா நெனைக்காதீங்க, வயசாகுதுல்ல. இன்னொரு தரம் இப்படி இருந்தா நீங்க குடோனுக்குள்ள போயிருங்க. அங்க உக்காந்துட்டே மூட்டை பிரிக்கலாம், நடக்க வேண்டியதில்ல."

குடோனுக்குள் எந்த வாடிக்கைக்காரர் வரப்போகிறார்? எந்த ஈரச் செருப்பு வரும்? அவள் தலையை ஆட்டிவிட்டு அன்றைக்கே எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். பிறகு ஒரு தீக்குச்சியைக்கூட இடம் மாற்றவில்லை. அவர் வந்தார், எல்லாம் இடத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டு போனார். "ஏங்க" இல்லை. சரி, தூரத்திலிருந்தாவது பார்க்கலாமே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. ரொட்டிகளுக்கு நடுவில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்று உட்கார்ந்திருந்தது.

யாரோ வாடிக்கைக்காரர் விட்டது என்று எடுத்து வைத்தாள். அடுத்த தரம் வெள்ளை டேப்பு மாவுப் பாக்கெட்டின் மேல் இருந்தது. வேறொரு நாள் பல்பு, அதே பிஸ்கட்டுக்குப் பின்னால், அவள் வைக்கிற அதே மூலையில். "நான் வெக்கலையே" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் குரல் அப்பா குரலாகக் கேட்டது.

அரிசி டப்பாவும் மூக்குக் கண்ணாடியும் கண் முன்னால் வந்து நின்றன. அப்பாவும் இப்படித்தானே ஆரம்பித்தார்? அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டே தங்கைகள் பெயர், அவர்கள் பிள்ளைகள் பெயர், பழைய வீட்டுத் தெருவில் வரிசையாக இருந்தவர்கள் பெயர் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் வந்தது. வந்தாலும் பயம் போகவில்லை.

"என்ன அண்ணி, தானாப் பேசிக்கிறீங்க?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"ஒண்ணுமில்ல. நான் ஏதாவது மறந்தா, மறச்சு வெக்காம எங்கிட்டயே சொல்லிடுவியா?"

"நீங்களா மறக்கறவங்க? என் கல்யாணத்துல நான் மோரச் சிந்தினத இன்னும் சொல்லிக் காட்டறீங்க!"

சிரிக்க வேண்டிய பேச்சு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்தவர் கண்டுபிடித்து இரக்கப்படுவதற்கு முன்னால், தானே முதலாளியிடம் போய், "எனக்கு ஞாபகம் தப்புது, குடோனுக்குப் போறேன்" என்று சொல்லிவிடுவது. எதற்கும் கெஞ்சி நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மறுநாள் நல்ல வெயில். மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, தரையைத் துடைத்துக் காயவிட்டு, மாப்பைக் கையில் பிடித்தபடியே முதலாளி மேசைக்கு நடந்தாள். வழியில் பிஸ்கட் ரேக்கில் ஒரு ஆணிப் பாக்கெட் எட்டிப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கத் தலையைக் குனிந்தாள்.

குனிந்தவள் தரையைப் பார்த்தாள். ஈரத் தடம்.

வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கும்போது ஈரக்காலோடு கடைக்குள் வருகிற ஆள் யார்? தடம் ஆணிப் பக்கத்திலிருந்து பிஸ்கட்டுக்கு வந்திருந்தது. பிஸ்கட்டிலிருந்து எண்ணெய், சீப்பு, கண்ணாடி வைத்திருக்கிற ரேக்குக்குப் போயிருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும், இரண்டு காலும் சேர்ந்து குட்டையாகத் தேங்கியிருந்தது. அங்கிருந்து முன்பக்கம் திரும்பியது. எங்கேக்கா மாப்போடு தடத்தின் பின்னாலேயே போனாள்.

வாழைப்பழ ரேக்கில் தடம் முடிந்தது. அங்கே குழாய்க்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பழுத்த வாழைச் சீப்பின் நடுவே, பழத்தோடு பழமாக, அகலப் பல் சீப்பு ஒன்றைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"இது நீங்க வெக்கறதா?"

அவர் கை சீப்பிலேயே நின்றுவிட்டது. "ஆமாங்க."

"மாவு மேல டேப்பு?"

"அதுவும் நாந்தாங்க."

"ரொட்டிக்குள்ள ஸ்பாஞ்சு?"

"அத வேற எடத்துலதான் வெச்சுருக்கணும். அவசரத்துல..."

"ஏன்யா!" என்றாள். மரியாதையெல்லாம் எங்கேயோ போயிற்று. "எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சேன்யா! எங்கப்பா மாதிரி நானும் ஆளு தெரியாமப் போயிருவேன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. ஒரு வார்த்த சொல்லக்கூடாது?" மாப்புக் கட்டையால் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். அப்புறம் அழுதுவிட்டாள். பயம் போன பிறகு வருகிற அழுகை, சட்டென்று நிற்காது.

அவர் முகம் செத்துப்போயிற்று. துண்டை எடுத்து நீட்டினார். அது குழாய் துடைத்த துண்டு என்று தெரிந்ததும் மடக்கிக்கொண்டார்.

"சத்தியமா அப்படி நெனைக்கலீங்க. கொஞ்ச நாளா எல்லாம் அதது இடத்துலயே இருந்துச்சு. உங்ககிட்ட கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. முன்ன நீங்க மாத்தி வெப்பீங்க. சரி, இப்ப என் மொறைன்னு..."

"நான் வெச்சேன்னு யாரு சொன்னா?"

"டேப்பு தானா நடந்து பவுடர்கிட்ட போகுங்களா? அந்த டேப்பச் சுத்திக் குழா மாட்டுன வீட்டுல, தண்ணியே மணக்குதுன்னாங்க."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்தால் முகம் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு முதலாளி எழுந்து வந்தார். முழு உடம்போடும் திரும்பிப் பழத்தைப் பார்த்தார், பழத்துக்குள் இருக்கிற சீப்பைப் பார்த்தார்.

"யாரு வேலை இது?"

"நாந்தான்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே சமயத்தில்.

முதலாளி அவளைப் பார்க்க ஒரு தரம், அவரைப் பார்க்க ஒரு தரம் திரும்பினார். பில் போடும் பெண், "முதலாளி, கழுத்து வலிக்கப் போகுது, விடுங்க. சீப்பு இப்பத்தான் சேர வேண்டிய இடத்துல சேந்துருக்கு" என்றாள்.

முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இருமினார், குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"யோவ், குடோன்ல ஒரு குழா ஒழுகிட்டே இருக்கு. என் சாமானக் கலச்சதுக்கு அதச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போ, கூலி கெடையாது. ஏம்மா, இன்னொரு தரம் இடம் மாறினா குடோனுக்குப் போகணும்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேன்ல? போங்க. அங்க வெளிச்சம் பத்தாது, அவருக்கு டார்ச் பிடிக்க ஆள் வேணும்."

எதைச் சொல்லி அவளைப் பயமுறுத்தினாரோ, அங்கேயே அனுப்பி வைத்தார். அதுதான் சொன்னது, முதலாளி நல்லவர் என்று.

குடோனில் மூட்டைகளுக்கு இடையே அவர் மண்டியிட்டுக் குழாயைக் கழற்ற, அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் குழாயில் விழாமல் பாதி நேரம் அவர் தலையில் விழுந்து, அங்கிருந்து கூரையில் அடித்தது.

"ஏங்க" என்றார், திரும்பாமலே.

"ம்."

"எங்கக்கா உங்களப் பாக்கணும்ங்கறா. 'வாழப்பழத்த வாங்கிட்டு வந்து நீ சிரிச்ச சிரிப்பு எனக்குத் தெரியாதாடா, அவளக் கூட்டிட்டு வா'ங்கறா. உங்களுக்கு இஷ்டமிருந்தா. சுமைன்னு தோணுச்சுன்னா வேண்டாம்."

"அப்பாவத் தூக்கிக் குளிப்பாட்டின கை இது" என்றாள் அவள். "சுமையப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க. குழாயப் பாருங்க, தண்ணி மூஞ்சில அடிக்குது."

தண்ணீரை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூட்டிட்டுப் போய் என்னன்னு சொல்றது? எங்கேக்கான்னா? எனக்கு அந்த அக்கா வேண்டாங்க. உங்க பேரு என்னங்க?"

அவள் சொன்னாள். அவர் அதை ஒரு தரம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், புது மரையில் குழாயைப் பூட்டுகிற மாதிரி, சரியாக உட்காருகிறதா என்று பார்த்து.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை, ஒரு சமையலறை, கட்டில் ஓரத்தில் ஜன்னல். ஒழுகாத குழாய்கள். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கூந்தல் தரையைத் தொட்டது.

"நீதானா? வா, இங்க உக்காரு. இவன் பின்னியிருக்கற லட்சணத்தப் பாரு. பைப்புக்கு மரை போட்ட மாதிரி இறுக்கி வெச்சுட்டான், எனக்குத் தலையே திரும்பல."

"எங்க முதலாளிக்கும் அப்படித்தான்க்கா. அவருக்கு யாரு பின்னறாங்களோ தெரியல."

அக்கா சிரித்தாள், வாய் ஒரு பக்கமாகக் கோண, முழு மனசோடு. எங்கேக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். முடி மடி முழுக்கப் பரவியது.

"டேய்," என்று அக்கா சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள், "சீப்பு எங்கடா?"

"பழத் தட்டுல பாருக்கா" என்று பதில் வந்தது.

எங்கேக்கா திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் பழத் தட்டு இருந்தது. சீப்பும் அதில்தான் இருந்தது.